நாய்க்கூண்டும் சித்திரை வெயிலும்



சித்திரக் கதைகளில் வரும் நாய் வீட்டைப் பார்த்திருப்பீர்கள். சிறிய மரப்பெட்டி; கூரான கூரை; முன்புறம் நாய் நுழைய மட்டும் ஒரு வளைந்த வாயில். அந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு நம் ஊரிலும் பலர் பட்டறையில் சொல்லிக் கூண்டு செய்கிறார்கள். மேலே தகரக் கூரை. மொட்டை மாடியில் இடம். செல்லப் பிராணிக்குத் தனி வீடே கொடுத்துவிட்டோம் என்று மகிழ்ச்சி வேறு! வெப்பச் சமவெளியில் வாழும் நமக்கு அந்தக் கூண்டு ஆகவே ஆகாது என்பது என் கருத்து.

அது குளிர்நாட்டுக்கு ஏற்ற அமைப்பு. பெட்டி சிறியதாயின் நாயின் உடற்சூடே உள்ளிருக்கும் காற்றைச் சூடாக்கிவிடும். வாயில் சிறியதாயின் அந்தச் சூடு வெளியேறாது. உதகையில் இருப்பவர்கள் இதைப் பின்பற்றலாம். மதுரைக்கும் வேலூருக்கும் வேண்டியது இதற்கு நேர்மாறானது.

ஏன் என்று பார்ப்போம். நமக்கு உடல் முழுவதும் வியர்க்கிறது. நாய்க்கோ பாதங்களின் அடியில் சிறிதளவுதான். அது உடலைக் குளிர்விக்கப் போதாது. ஆகவே நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கிறது. நாக்கிலும் வாயிலும் மூக்கின் உட்புறத்திலும் உள்ள ஈரம் ஆவியாகும்போது உடலின் வெப்பத்தையும் கொண்டுபோகிறது. உடல் வெப்பநிலையில் ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் தேவை என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

இரைப்பதும் ஓர் உழைப்புத்தானே, அதனால் உடல் மேலும் சூடாகாதா என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. 1962இல் கிராஃபோர்டு என்ற ஆய்வாளர் இதற்கு விடை கண்டார். நாய் தோன்றிய வேகத்தில் இரைப்பதில்லை. அதன் மார்புக்கூடும் நுரையீரலும் இயல்பாக அதிரும் வேகம் எதுவோ, அதே வேகத்தில், நிமிடத்துக்குச் சுமார் 300 முறை இரைக்கிறது. ஊஞ்சலை அதன் போக்கிலேயே தள்ளினால் கை வலிப்பதில்லை அல்லவா? அதே தந்திரம்தான்.

இத்தனை அருமையான ஏற்பாட்டைக் கெடுக்க ஒரு மூடிய பெட்டி போதும். மழைநாளில் துணி ஏன் காய்வதில்லை? காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருப்பதால். கூண்டுக்குள் நாய் இரைக்க இரைக்க, அதன் மூச்சின் ஈரமே உள்ளே நிறைகிறது, ஆவியாதல் மந்தமாகிறது. மேலே தகரம் சூடேறி முதுகின்மேல் வெப்பத்தை வீசிக்கொண்டே இருக்கிறது. நாயின் இயல்பான உடல் வெப்பநிலை 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். 41ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. காற்றே ஈரமாயிருக்கும் கடலோர ஊர்களில் இந்நிலை இன்னும் எளிதில் வந்துவிடும். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களின் பாடு மிகவும் பரிதாபம். நன்றாக இரைக்கவே அவற்றின் மூச்சுவழி இடம் தராது.

அப்படியானால் நல்ல இருப்பிடம் எது? நாயையே கேளுங்கள். அவிழ்த்து விட்டால் உச்சி வெயிலில் அது துவைகல் அருகே ஈரமண்ணைப் பறித்து, மயிர் குறைந்த வயிற்றை அழுத்திப் படுத்துக்கொள்ளும். நீங்கள் படித்த வெப்பக் கடத்தல் இதுதான்!

மர நிழலில் நான்கு கால் நட்டுத் தென்னங்கீற்று வேய்ந்து, இரண்டு பக்கமாவது திறந்து விட்டால் போதும். கீற்றுகளுக்கிடையே தங்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. கீற்றில் ஒரு குறையும் உண்டு, மறைப்பானேன்? உண்ணிகள் இடுக்குகளில் முட்டையிடும். ஆகவே கூரை உயரமாக இருக்கட்டும், ஆண்டுதோறும் மாற்றிவிடுங்கள். தகரம்தான் கிடைக்கும் என்றால் அதற்கு வெள்ளை பூசி, மேலே இடைவெளி விட்டுக் கீற்றைப் பரப்பலாம். ஐப்பசி மழைக்கு, படுக்கும் இடத்தைச் செங்கல் அடுக்கி உயர்த்தி, சாரல் வரும் பக்கம் ஒரு தட்டி கட்டினால் சரி.

இவ்வளவும் செய்துவிட்டு நாயைக் குட்டைச் சங்கிலியில் கட்டிப்போட்டால் பயனில்லை. நிழல் நகரும், நாயால் நகர முடியாது. காலை 8 மணிக்கு நிழலில் கட்டப்பட்ட நாய் பகல் 2 மணிக்கு வெயிலில் நிற்கும். போதிய உணவும் நீரும் இருப்பிடமும் தராமல் இருப்பதும், மிகக் குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பதும் குற்றமென்று 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் கூறுகிறது. பலருக்கு இது தெரியவே தெரியாது.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ தகரக் கூண்டு இருந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியரிடம் கேட்டு ஒரு வெப்பமானி வாங்கிக்கொள்ளுங்கள். (காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி வேண்டாம், அதன் அளவுகோல் 42 டிகிரியோடு முடிந்துவிடும்.) பகல் 2 மணிக்குக் கூண்டினுள் நாய் படுக்கும் உயரத்தில் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள், பிறகு மரநிழலில் பத்து நிமிடம். இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதிப் பெரியவர்களிடம் காட்டுங்கள். கூண்டை எங்கே மாற்றுவது என்ற பேச்சை அங்கிருந்து தொடங்கலாம்.