வாடிக்கையாளர் யார்?

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் கடைத்தெருவில் ஒரு சொல் அடிபடும்: 'கிராக்கி'. அருவிக்கு வரும் கூட்டமும் கிராக்கி. கூட்டத்தைக் கண்டு ஏறும் அறை வாடகையும் கிராக்கி. வடமொழியில் 'கிராஹக' என்றால் வாங்குகிறவன். அந்த வேரிலிருந்து வந்த சொல் இது. ஆலைத் தொழிலாளர்களுக்கும் இது பழகிய சொல்லே. விலைவாசி உயர்வுக்கு ஈடாகப் போராடிப் பெற்ற பஞ்சப்படிக்குக் கிராக்கிப்படி என்றும் பெயருண்டு. வாங்குகிறவனுக்கும் அவன் கழுத்தை நெரிக்கும் விலைக்கும் ஒரே பெயர்!

சீசன் கூட்டம் ஊர் திரும்பிவிடும். ஆண்டு முழுவதும் தென்காசிக் கடைகளில் வாங்குகிறவன் உள்ளூர் உழைப்பாளி. அவனுக்கு வாடிக்கைக்காரன் என்று பெயர். இன்று மரியாதையாக 'வாடிக்கையாளர்' என்கிறார்கள். வாடிக்கை என்றால் வழக்கம். தெலுங்கு 'வாடுக', கன்னட 'வாடிகெ' இதன் உறவுச் சொற்கள். ஆங்கில 'கஸ்டமர்' என்பதும் வழக்கம் எனப் பொருள்படும் 'கஸ்டம்' என்ற சொல்லில் பிறந்ததுதான்.

இந்த வழக்கம் எப்படி உண்டாகிறது? கடைக்காரரின் நாணயத்தால் உண்டானால் நல்லதே. ஆனால் ஏழையின் வாடிக்கையைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது பற்று நோட்டு. நடவுக்கும் அறுப்புக்கும் இடையே வேலையில்லாத நாட்களில் விவசாயத் தொழிலாளி கடனுக்கு அரிசி வாங்குகிறான். பாக்கி தீரும்வரை அடுத்த கடையில் விலை குறைவென்றாலும் போக முடியாது. எடை குறைந்தாலும் வாய் திறக்க முடியாது. சிறு கடைக்காரர் மீது நமக்குப் பகையில்லை. அவரும் மொத்த வியாபாரியிடம் பாக்கி வைத்த வாடிக்கைக்காரரே!

'வாடிக்கையாளரே ராஜா' என்று போர்டு மாட்டுகிறார்கள். 1986-லும் 2019-லும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டங்கள் வந்தன. நல்லதே. ஆனால் ரசீதே கேட்கத் துணியாதவன் கமிஷன் படியேறுவானா?

1844-ல் இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்து நெசவாளர்களும் பிற உழைப்பாளிகளும் சேர்ந்து சொந்தக் கடை திறந்தார்கள். கலப்படமில்லாத சரக்கு, சரியான எடை, ரொக்க வியாபாரம், வாங்கியதற்கேற்ப லாபத்தில் பங்கு: இவையே அவர்களது விதிகள். வாங்குகிறவனே அங்கு கடைக்குச் சொந்தக்காரன். சென்னைத் திருவல்லிக்கேணியில் 1904-ல் அத்தகைய கூட்டுறவுக் கடை பிறந்தது.

தோழர்களே! கூட்டுறவுக் கடைகளிலும் ரேஷன் கடைகளிலும் நல்ல சரக்கும் சரியான எடையும் கேட்டு வாங்குவோம், ரசீதும் கேட்போம். ஆனால் கடனின்றி வாங்கக் கையில் காசு வேண்டுமே! ஆகவே கூலிப் போராட்டமும் நியாய விலைக்கான போராட்டமும் ஒன்றே. ராஜா பட்டம் நமக்கு வேண்டாம். பற்று நோட்டில் பெயர் ஏறாமல் பிழைக்கும் கூலி வேண்டும். அதற்காக ஒன்றுபடுவோம்!