ஒளிர்வதெல்லாம் மருந்தல்ல!

தட்டில் வளரும் பாக்டீரியா பச்சையாக ஒளிர்ந்துவிட்டால் போதும், "ஆன்டிபயாட்டிக் உற்பத்தி கூடிவிட்டது" என்று முடிவு எழுதிவிடுகிறார்கள் சிலர். செமினாரில் கைதட்டலும் கிடைத்துவிடுகிறது. ஆனால் இந்த முடிவு அடிப்படையிலேயே தவறு.

ரிப்போர்ட்டர் ஜீன் என்ன செய்கிறது? ஒரு மரபணு எப்போது, எவ்வளவு படியெடுக்கப்பட வேண்டும் என்று தீர்மானிக்கும் டி.என்.ஏ. பகுதிதான் புரோமோட்டர். அதை எடுத்து, ஒளியோ நிறமோ தரும் வேறொரு மரபணுவுக்கு முன்னால் ஒட்டுகிறார்கள். ஒளி வந்தால் புரோமோட்டர் வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். அவ்வளவுதான். மருந்து தயாராகிறதா என்பது வேறு கேள்வி.

ஆதாரம் வேண்டுமா? ஸ்ட்ரெப்டோமைசிஸ் சீலிகலர் என்ற மண் பாக்டீரியாவைப் பாருங்கள். அது ஆக்டினோரோடின் என்ற நீல நிற ஆன்டிபயாட்டிக்கைத் தயாரிக்கிறது. அதற்கான சாவி 'ஆக்ட்2-ஓ.ஆர்.எஃப்.4' என்ற மரபணு. அதற்குள் டி.டி.ஏ. என்ற கோடான் ஒன்று இருக்கிறது. இந்த பாக்டீரியாவில் அது மிக அபூர்வம். அதைப் படிக்கும் டி.ஆர்.என்.ஏ.வைத் தருவது 'பால்ட்-ஏ' என்ற இன்னொரு மரபணு. பால்ட்-ஏ கெட்டுப்போனால் சாவி மரபணு படியெடுக்கப்படும், ஆனால் புரதமாக மாறாது. நீலமும் வராது! அந்த டி.டி.ஏ.வை டி.டி.ஜி. ஆக மாற்றியதும் பால்ட்-ஏ கெட்ட செல்களிலும் நீலம் வந்ததை 1991-லேயே காட்டிவிட்டார்கள்.

இப்போது அதே புரோமோட்டரில், டி.டி.ஏ. இல்லாத ரிப்போர்ட்டரை ஒட்டினால்? ஒளி வரும், மருந்து வராது. ரிப்போர்ட்டருக்குள்ளேயே டி.டி.ஏ. இருந்தால் புரோமோட்டர் ஓடினாலும் இருட்டுதான். போதாததற்கு ஜி.எஃப்.பி. எளிதில் சிதையாத புரதம். புரோமோட்டர் நின்ற பிறகும் ஒளிர்ந்துகொண்டே இருக்கும். பழைய லாக்-இசட் முறையிலும் சிக்கல்தான். ஸ்ட்ரெப்டோமைசிஸுக்கே சொந்தமாக பீட்டா-கேலக்டோசிடேஸ் உண்டு!

"விரைவான முறை, செலவும் குறைவு" என்பார்கள். உண்மைதான். 2002-ல் இதே சீலிகலரின் ஜீனோம் வெளியானபோது, இருபதுக்கும் மேற்பட்ட இத்தகைய மரபணுக் கூட்டங்கள் தெரியவந்தன. அவற்றில் பல ஆய்வகத்தில் உறங்குகின்றன. எது விழிக்கிறது என்று பார்க்க ரிப்போர்ட்டர் அருமையான கருவி. ஆனால் விழித்தவன் எல்லாம் வேலை செய்கிறான் என்று யார் சொன்னது?

புரோமோட்டர் இல்லாத ரிப்போர்ட்டரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பிறகு மருந்தையே அளந்து பாருங்கள். ஆக்டினோரோடினுக்கு வேண்டியது கொஞ்சம் காரமும், 640 நானோமீட்டரில் ஓர் அளவீடும்தான். இதைக்கூடச் செய்யாமல் உற்பத்தி கூடியது என்று எழுதினால், அடுத்து வரும் மாணவர் இல்லாத மருந்தைத் தேடி வருடங்களைத் தொலைப்பார். கிருமிகள் பழைய மருந்துகளுக்கு அடங்க மறுக்கும் காலத்தில் அந்த வருடங்கள் நோயாளிகளுக்கும்தான் நஷ்டம்.