எலிக்கு நஞ்சு வைக்கும் முன்

அம்பத்தூரிலும் அதனை அடுத்த ஆவடி, பூவிருந்தவல்லி முதலிய ஊர்களிலும் நெல் விளைந்த நிலங்களில் பெரும்பகுதி இன்று வீடுகளாகவும் தொழிற்சாலைகளாகவும் கிடங்குகளாகவும் மாறிவிட்டது. வயல் போயிற்றேயொழிய எலி போகவில்லை. வரப்பில் வளை தோண்டிய பெருச்சாளி இப்பொழுது சாக்கடையோரத்திலும் கடைக்காலின் அடியிலும் குடியிருக்கிறது. வீட்டெலியோ குழாயையும் கம்பியையும் பற்றி ஏறி மாடியையும் அடைந்துவிடுகிறது.

இவ்வுபத்திரவத்துக்கு மக்கள் முதலில் நாடுவது நஞ்சையே. இது முறையன்று. 2024ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், பூவிருந்தவல்லிக்குச் சமீபமான குன்றத்தூரில், எலிமருந்து வைக்கப்பட்ட வீடொன்றில் உறங்கிய இரண்டு சிறு குழந்தைகள் உயிரிழந்தனர். பெற்றோரும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். மருந்தை வைத்தவர்கள் அதனையே தொழிலாகக் கொண்டவர்கள் என்பது கவனிக்கத்தக்கது. எலி மருந்துகளுள் ஒன்றாகிய துத்தநாக பாஸ்பைடு என்னும் கருந்தூள், ஈரம் பட்டால் பாஸ்பீன் என்ற விஷவாயுவை வெளிவிடும். கதவும் சாளரமும் அடைத்து மனிதர் உறங்கும் அறையில் வைக்கத்தக்க பொருளா அது?

நஞ்சினால் காரியம் முழுதும் கைகூடுவதுமில்லை. எலி புதிய தீனியைச் சந்தேகித்துச் சிறிதே கொறித்துப் பார்க்கும். உடல் நொந்தால் மறுமுறை அதனைத் தொடாது. தப்பிய பெண் எலி மூன்று வாரத்திற்குள் குட்டி ஈனும். புகும் வழி திறந்திருக்குமாயின், செத்தவற்றின் இடத்திற்கு அயலிலிருந்து வேறு எலிகள் வந்து சேரும்.

ஆகையால் வழியை அடைப்பதே முதல் வேலை. சுண்டெலிக்குக் கால் அங்குலச் சந்து போதும். பெரிய எலிக்கு அரை அங்குலம். குழாய் சுவரைத் துளைத்துச் செல்லும் இடம், கதவின் அடிப்பாகம், கூரையும் சுவரும் கூடும் மூலை ஆகிய இவற்றையே முக்கியமாகப் பார்க்கவேண்டும். துணியும் மரத்துண்டும் வைத்து அடைப்பது வீண். எலியின் முன்பற்கள் ஆயுள் முழுதும் வளர்பவையாதலால், அது கடித்துக்கொண்டேயிருக்கும். கண்ணாடித் தூள் கலந்த சிமெண்டுக் கலவையே துவாரத்திற்கு ஏற்றது. கதவின் அடியில் ஓரடி உயரத்திற்குத் தகரம் அடிக்கலாம். சாளரங்களுக்கும் நீர் வெளியேறும் துளைகளுக்கும் நெருக்கமான இரும்பு வலை பொருத்தலாம். வீடு கட்டுவோர் வர்ணப்பூச்சுக்குச் செய்யும் செலவில் சிறு பங்கும் இதற்கு ஆகாது. ஆயினும் குழாய் பதித்தபின் சுற்றிலும் விட்ட ஓட்டையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நெல் மூட்டைகளைத் தரையில் அடுக்காமல் மரச்சட்டங்களின் மேல், சுவரைவிட்டு இரண்டடி தள்ளி அடுக்கவேண்டும். மூட்டைக்கும் சுவருக்கும் நடுவே ஆள் நடக்க இடமிருந்தால் எலியின் புழுக்கையும் புது வளையும் உடனே கண்ணுக்குப் படும். எலி தின்பதைவிட அதன் மூத்திரமும் புழுக்கையும் கெடுக்கும் தானியமே அதிகம்.

கட்டடத்திற்கு வெளியே வரப்பிலும் தோட்டத்திலும் உள்ள வளைகளுக்கு, இத்திசையில் வாழும் இருளரின் கைத்திறனுக்கு நிகரானது அரிது. அவர்கள் புகை போட்டு எலியைப் பிடிப்பதுடன், வளையினுள் அது சேர்த்துவைத்த நெல்லையும் தோண்டி எடுப்பர்.

ஐப்பசி மழையில் வளைகளுக்குள் நீர் புகுந்தவுடன் எலிகள் மேட்டைத் தேடி வீடுகளுக்கும் கிடங்குகளுக்கும் வரும். ஆதலால் அடைக்கும் வேலையைப் புரட்டாசிக்குள் முடித்துவிடவேண்டும்.