கூட்டாஞ்சோறும் இத்தாலி அடுப்படியும்

நண்பர் ஒருவர் இத்தாலியின் டஸ்கனிப் பகுதிக்குப் போய்வந்தார். ஒரு குழுவோடு பண்ணைவீட்டில் தங்கி, வாரம் முழுக்க மாவு பிசைந்து, தேய்த்து, வெட்டி, சேர்ந்து உண்டுவிட்டு வந்திருக்கிறார். "காசு கொடுத்து அடுப்படியில் நின்றாயா?" என்று அவர் தாயார் கேட்டாராம். நியாயமான கேள்விதான். ஆயினும் சிரித்துவிட்டு நகர நம்மால் இயலவில்லை.

இத்தாலி 1985இல் இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. உழவர் தம் வீட்டில் விருந்தினரைத் தங்கவைத்துப் பொருளீட்டலாம். ஆனால் உழவே முதன்மைத் தொழிலாக இருத்தல் வேண்டும். 'அக்ரிடூரிஸ்மோ' என்று அதற்குப் பெயர். ஃபோர்லிம்போபோலி என்னும் சிற்றூரில் பிறந்த பெல்லெக்ரினோ அர்துசி 1891இல் வீட்டுச் சமையலைத் தொகுத்து நூலாக்கினார். அவ்வூரில் 2007இல் அவர் பெயரால் ஒரு சமையற்கலை மையம் திறக்கப்பட்டது. அங்கே மாவு தேய்க்கக் கற்றுத்தரும் தன்னார்வலர்களுக்கு 'மரியெட்டே' என்று பெயர். மரியெட்டா என்பவர் அர்துசியின் வீட்டில் சமைத்த பெண். சமையற்காரியின் பெயர் ஆசிரியர்களின் பட்டமாகியிருக்கிறது. இதை எண்ணி நாம் நெடுநேரம் அமர்ந்திருந்தோம்.

நம் பக்கம் என்ன குறை? பெரம்பலூரின் சின்ன வெங்காயம் இருக்கிறது. செட்டிகுளம் பக்கம் வயலோரத்துப் பட்டறைகளில் அது காத்திருக்கும் அழகை எந்தத் திராட்சைத் தோட்டத்துக்கும் ஈடாகச் சொல்லலாம். ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்து முந்திரி இருக்கிறது. வரகும் கம்பும் இருக்கின்றன. கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் 2004இல் உலக மரபுச் சின்னமானது. பார்க்க வருகிறவர்களோ பெரும்பாலும் சாப்பாட்டுக்குக் கும்பகோணம் போய்விடுகிறார்கள். (அரியலூரின் சிமெண்ட் லாரிகளைத் தாண்டி உயிரோடு வந்தவர்களுக்கு ஒரு வாய் வரகுச்சோறு தரக்கூடாதா?) காரைக்குடியில் 'தி பங்களா' விடுதி செட்டிநாட்டுச் சமையலை வெளியூராருக்குக் கற்றுத்தந்து, 2014இல் நூலாகவும் கொண்டுவந்தது. ஆனால் அது மாளிகைகளின் நாடு. இங்கிருப்பவை ஓட்டுவீடுகள்.

மாளிகை இல்லாதது அல்ல நம் தடை. பெரும்பாணாற்றுப்படையில் பாணன் வழிநெடுக எயினர், ஆயர், உழவர், வலைஞர் என்று ஒவ்வொரு குடியிலும் விதவிதமாக உண்கிறான். எந்த வீட்டிலும் அவன் கையில் அகப்பை தரப்படவில்லை. நம் விருந்தோம்பலின் இலக்கணமே விருந்தினரைத் திண்ணையிலோ கூடத்திலோ அமர்த்துவது. அடுப்படி வேறு. அங்கே யார் நுழையலாம் என்பதைச் சாதி முடிவு செய்து வெகுகாலமாயிற்று. வெள்ளைக்காரர் ஒருவர் வந்தால் கதவு திறக்கும் என்றே தோன்றுகிறது. அடுத்த தெருக்காரருக்குத் திறக்குமா?

நம் சிறுவயதில் கோடை விடுமுறையில் புளியமரத்தடியில் கூட்டாஞ்சோறு ஆக்குவோம். ஒருவர் அரிசி, ஒருவர் பருப்பு, ஒருவர் எண்ணெய். மூன்று கல் அடுப்பு. எவர் வீட்டு அரிசி எது என்று பிறகு கடவுளாலும் பிரிக்க முடியாது. குழுவாகச் சமைக்கும் விடுமுறையை நாம் இத்தாலியிடம் கற்க வேண்டியதில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தோம். எழுதும்போது ஒரு முகம் குறுக்கே வந்தது. காலனியிலிருந்து வருவான் ஒருவன். அவனை விறகு மட்டும் கொண்டுவரச் சொல்வோம். அரிசி கொண்டுவரச் சொன்னதில்லை. பெரியவர்கள் எவரும் இதை நமக்குக் கற்பித்ததாக நினைவில்லை, நமக்கே தெரிந்திருந்தது. அவனும் ஏன் என்று கேட்டதில்லை. நல்ல காய்ந்த கருவேல விறகாகப் பார்த்துக் கொண்டுவருவான்.

ஆகவே இங்கே யாரேனும் அப்படியொரு பண்ணைவீட்டைத் தொடங்கினால் நாம் மகிழ்வோம். மாணவர்களை அழைத்துக்கொண்டு முதல் ஆளாகப் போவோம். வெங்காயம் விளைவித்தவருக்குக் கமிஷன் மண்டியைத் தாண்டி ஒரு வருமானம் கிடைக்கும். களியைக் கட்டியில்லாமல் கிண்டத் தெரிந்த மூதாட்டிக்கு ஆசிரியர் என்ற பெயரும் சம்பளமும் கிடைக்கும். அந்த மூதாட்டி எந்தத் தெருவிலிருந்து வருகிறார், எந்தத் தெருவிலிருந்து வரவில்லை என்பதை மட்டும் முதல் நாளே பார்த்துவிட்டு வந்து எழுதுகிறோம்.