சொந்தக் காசுல பிஎச்டி: கொஞ்சம் யோசிங்க மக்களே!

போன வாரம் நண்பர் ஒருத்தர் போன் பண்ணினார். அவர் தம்பி எம்.எஸ்சி. பயோடெக் முடிச்சவன். இங்கிலாந்துல ஜெனிடிக் இன்ஜினியரிங்ல பிஎச்டி இடம் கிடைக்குமாம், ஆனா "செல்ஃப் ஃபண்டட்". வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்கலாமான்னு அப்பா யோசிக்கிறாராம். "நீ என்னப்பா சொல்றே?"ன்னார்.

வைக்காதீங்கன்னுதான் சொன்னேன். ஏன்னு இங்கே எழுதி வைக்கிறேன், வேற யாருக்காவது உதவும்.

வரலாறு, இலக்கியம்னா நூலகமும் நேரமும் இருந்தா ஓரளவு ஓட்டிடலாம். மரபணுப் பொறியியல் அப்படி இல்லீங்க. நெல்லில் ஒரு ஜீனைப் புகுத்தணும்னா, விதையிலிருந்து கேலஸ் வளர்த்து, அக்ரோபாக்டீரியம் வழியா ஜீனை உள்ளே அனுப்பி, பிழைச்சதை நாற்றாக்கி, அது கதிர் விட்டு, அதோட பிள்ளை பேரன் வரைக்கும் அந்த ஜீன் நிக்குதான்னு பார்க்கணும். ஒரு தலைமுறைக்கே மூணு நாலு மாசம். நடுவில என்சைம், பிரைமர், சீக்வென்சிங்னு தொட்டதுக்கெல்லாம் காசு. அதனாலதான் அங்கே பல பல்கலைகள் ஃபீஸ் போக "பெஞ்ச் ஃபீ"ன்னு தனியா வாங்குறாங்க. வெளிநாட்டு மாணவருக்கு லேப் படிப்புன்னா ஃபீஸே வருஷத்துக்கு 20,000 பவுண்டைத் தாண்டுவது சகஜம். சாப்பாடு, வாடகை தனி. மூணு நாலு வருஷத்துக்குக் கணக்குப் போட்டா தலை சுத்தும்!

இதே வேலைக்குக் காசு கொடுக்கிற இடங்களும் இருக்கே. ஜெர்மனியில் பிஎச்டி மாணவர் பலருக்கு வேலை ஒப்பந்தம், மாசச் சம்பளம். அமெரிக்காவில் உயிரியல் பிஎச்டின்னா பெரும்பாலும் ஃபீஸும் கிடையாது, மேலே உதவித்தொகை வேற. அவ்வளவு ஏன், நம்ம ஊர்லயே சிஎஸ்ஐஆர்-யூஜிசி நெட்டோ, டிபிடி நடத்துற பெட்டோ எழுதி ஜேஆர்எஃப் வாங்கினா, 2023 ஜனவரியிலிருந்து மாசம் 37,000 ரூபாய்.

"நெட் கிளியர் ஆகலையே சார்"னு கேட்பீங்க. நியாயமான வருத்தம்தான். ஆனா ஒரு வருஷம் ஏதாவது ஒரு லேப்ல ப்ராஜெக்ட் வேலைக்குப் போனா கைவேலையும் பழகும், சம்பளமும் வரும், அடுத்த தேர்வுக்கும் படிக்கலாம். அடமானத்தை விட அது மேல்.

சொந்தக் காசே கூடாதுன்னு சொல்ல வரலை. வேலையில் இருந்துக்கிட்டே பகுதி நேரமா செய்யலாம். யூஜிசியின் 2022 விதிகள் அதை அனுமதிக்குது. கம்ப்யூட்டர்லயே ஜீனோம் அலசுற ஆராய்ச்சின்னா லேப் செலவு குறைவு. எதுவானாலும் கைடுகிட்ட மூணு கேள்வி கேட்டுடுங்க. பெஞ்ச் ஃபீ எவ்வளவு? சோதனை சொதப்பி ஒரு வருஷம் கூடினா காசு யார் தருவா? இதுக்கு முன்னாடி இப்படி வந்தவங்க எத்தனை பேர் முடிச்சாங்க? மழுப்பினா கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

பையனோட ஆர்வத்தை நான் சந்தேகப்படலை. ஆனா சோதனை தோத்தா இன்னொரு தட்டில் கேலஸ் வளர்க்கலாம். வீடு போனா?

நேத்து நண்பர் மறுபடி கூப்பிட்டார். தம்பி பெட் தேர்வுக்குப் படிக்கிறானாம். பத்திரம் பீரோவுலயே இருக்காம். எனக்கு அது போதும் :-)