பனிக்காலத்துக்கு முன் சிறு பிள்ளைகளின் வகுப்பறைகளைக் கதகதப்பாக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
அங்கன்வாடி, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் சங்கத்தார்,
உதகை, குந்தா வட்டங்கள்,
நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
உதகமண்டலம்.

பொருள்: ஜன்னல்கள் திறந்திருக்கும் வகுப்பறைகளில் 3 முதல் 8 வயது வரையிலான பிள்ளைகளைக் குளிரிலிருந்து காக்க, உறைபனிக்கு முன்பே ஏற்பாடு செய்து தர வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

நாங்கள் தேயிலைத் தோட்டங்களிலும் மலைக்காய்கறித் தோட்டங்களிலும் வேலை செய்பவர்கள். எங்கள் பிள்ளைகள் அரசு அங்கன்வாடிகளிலும் தொடக்கப் பள்ளிகளிலும் படிக்கிறார்கள். இன்னும் சில வாரங்களில் நீர்ப்பனி விழத் தொடங்கிவிடும். அதன் பின்னால் உறைபனி வரும். அதற்குள் செய்து முடிக்கக்கூடிய சில காரியங்களைக் கேட்டு இந்த மனுவைத் தருகிறோம்.

இரண்டு விஷயங்களை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஜன்னல்களை முழுவதுமாக மூடச் சொல்லி நாங்கள் வரவில்லை. குளிருக்காகப் பள்ளிக்கு விடுமுறை விடும்படியும் கேட்கவில்லை. விடுமுறை விட்டால் பிள்ளைக்குக் காலை உணவும் போகும், மதிய உணவும் போகும். தாய் கொழுந்து பறிக்கப் போனபிறகு பிள்ளை வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும். அதைவிடப் பள்ளிதான் பாதுகாப்பு. அந்தப் பள்ளி குளிர் தாங்கும்படி இருக்க வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

2021 நவம்பர் 1 அன்று 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் கொரோனாவுக்குப் பிறகு மீண்டும் திறக்கப்பட்டதைத் தாங்கள் அறிவீர்கள். ஜன்னலையும் கதவையும் திறந்து வையுங்கள் என்பது அப்போது எல்லோருக்கும் சொல்லப்பட்ட அறிவுரை. சமவெளியில் அது மழைக்காலம். எங்களுக்கோ பனி தொடங்கும் மாதம். திறந்த ஜன்னலுக்கு அருகே உட்கார்ந்த பிள்ளைகளின் விரல்கள் விறைத்துப்போய், எழுதுகோலைப் பிடிக்க முடியாமல் நழுவவிட்டதை அந்த ஆண்டே பார்த்தோம். தன் சால்வையை எடுத்து இரண்டு பிள்ளைகளைச் சேர்த்துப் போர்த்திவிட்டுப் பாடம் நடத்திய ஆசிரியையையும் பார்த்தோம். அவரை நாங்கள் மறக்க மாட்டோம். ஆனால் ஓர் ஆசிரியையின் சால்வையை நம்பி ஒரு வகுப்பறை இருக்கக் கூடாது.

காற்றோட்டம் தேவை என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. வெளிக்காற்றில் கரியமில வாயு 10 லட்சத்தில் ஏறத்தாழ 420 பங்கு இருக்கிறது. முப்பது பிள்ளைகளை ஒரு சிறிய அறையில் அடைத்து எல்லாவற்றையும் சாத்தினால், அரை மணி நேரத்துக்குள் அது இரண்டு மூன்று மடங்காகிவிடும். அந்தக் காற்றில் பிள்ளைகள் தூங்கி வழிவார்கள். ஒருவரின் இருமல் எல்லோருக்கும் தொற்றும். ஓர் ஆளுக்கு நொடிக்கு 10 லிட்டர் வெளிக்காற்று தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. காசநோயும் கக்குவானும் இன்னும் நம்மைவிட்டுப் போகவில்லை. எனவே ஜன்னல் திறந்தே இருக்கட்டும். வீட்டுக்குள் 18 டிகிரிக்குக் குறையாத வெப்பம் வேண்டும் என்று சொல்வதும் அதே நிறுவனம்தான். அதன் 2018-ஆம் ஆண்டு வீட்டுச் சுகாதார வழிகாட்டுதலில் அது இருக்கிறது. காற்று, வெப்பம் இரண்டும் ஒரே பிள்ளைக்கு வேண்டியவை. எங்கள் பள்ளிகளில் முதலாவது தாராளமாகக் கிடைக்கிறது. இரண்டாவதற்கு இதுவரை யாரும் பொறுப்பேற்கவில்லை.

சமவெளியிலிருந்து மாற்றலாகி வரும் அதிகாரிகளுக்காக எங்கள் குளிரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. உதகை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பம் 5 டிகிரிக்கு அருகே இறங்குவது வழக்கம். காந்தள், தலைக்குந்தா போன்ற தாழ்வான பகுதிகளில் பூஜ்யத்தைத் தொடும் விடியல்களும் உண்டு. மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. மலையில் சமதளம் கிடைப்பது பெரும்பாலும் பள்ளத்தில்தான். விளையாட்டுத் திடலுக்கு இடம் வேண்டுமே என்று பள்ளிகளையும் அங்கேதான் கட்டியிருக்கிறோம். ஊரிலேயே அதிகம் குளிரும் இடத்துக்குத்தான் ஊரிலேயே சிறியவர்களைக் காலையில் அனுப்பிவைக்கிறோம்.

எங்களுக்கு இன்னொரு குளிர்காலமும் உண்டு, அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குந்தா, அவலாஞ்சிப் பக்கம் தென்மேற்குப் பருவமழை நிற்காமல் பெய்யும். வெப்பமானியைப் பார்த்தால் ஜனவரி அளவுக்கு இறங்கியிருக்காது. ஆனால் நாள் கணக்கில் வெயில் வராது, துவைத்த துணி காயாது. நனைந்த காலுறையோடு நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு உறைபனிக் காலையைவிட அந்த மாதங்கள்தான் கொடுமை. ஈரத்துணி காய்ந்த துணியைவிடப் பல மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும்.

சிறு பிள்ளையைப் பெரியவரின் அளவில் வைத்துப் பார்க்கக் கூடாது. எடையோடு ஒப்பிட்டால் அதன் தோலின் பரப்பு அதிகம், அதனால் சூட்டைச் சீக்கிரம் இழக்கும். உடம்புக்குத் தலை பெரிது, அதனால் குல்லா இல்லாவிட்டால் இழப்பு இன்னும் கூடும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எழுந்து வெயிலில் போய் நிற்கும். மூன்று வயதுப் பிள்ளைக்குத் தனக்குக் குளிர்கிறது என்று பல நேரம் சொல்லத் தெரியாது. அழும், அல்லது பேசாமல் ஒடுங்கிவிடும். ஒடுங்கிய பிள்ளையை “சமர்த்தாக இருக்கிறது” என்று நினைத்துவிட வேண்டாம் என்று அங்கன்வாடிப் பணியாளர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இனி எங்கள் கோரிக்கைகள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் தரையைச் சொல்கிறோம். அங்கன்வாடிப் பிள்ளைகளும் முதல் இரண்டு வகுப்புப் பிள்ளைகளும் தரையில்தான் உட்காருகிறார்கள். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த சிமென்ட் தரை மெல்லிய பாய் வழியாகவே உடம்புச் சூட்டை இழுத்துவிடும். ஸ்வெட்டர் மேலே என்ன காத்தாலும் கீழே அது போய்விடுகிறது. பிள்ளைகள் உட்காரும் பகுதிக்கு மட்டுமாவது மரப்பலகைத் தளம் போட்டுத் தர வேண்டும். அதற்கு நாளாகும் என்றால், இந்தப் பனிக்காலத்துக்குள் தடித்த ரப்பர் பாய் விரித்து, அதன் மேல் ஜமக்காளம் போட்டுத் தரலாம். பக்கத்து ஈரோடு மாவட்டத்துப் பவானியிலேயே ஜமக்காளம் நெய்கிறார்கள். மொத்தமாக வாங்கினால் நெசவாளர்களுக்கும் வேலை கிடைக்கும். வேறு எதற்கும் இந்த ஆண்டு நிதி இல்லை என்று சொல்லப்பட்டாலும், இந்த ஒன்றைச் செய்து தாருங்கள்.

மலைப்பகுதி மாணவர்களுக்கு விலையில்லாக் கம்பளிச் சட்டை வழங்கும் அரசுக்கு நாங்கள் நன்றி சொல்கிறோம். ஆனால் அது கைக்கு வரும் காலத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் சங்கத்தில் உள்ள ஒரு தாயின் மகள் முதல் வகுப்பில் படித்தபோது, ஸ்வெட்டர் கிடைத்தது பிப்ரவரியில். கை விரலைத் தாண்டித் தொங்கியது. மடித்து ஊசிபோட்டுக் கொடுத்தார், அதற்குள் வெயில் வந்துவிட்டது. பாடப்புத்தகமும் சீருடையும் போல, பள்ளி திறக்கும் ஜூன் மாதத்திலேயே ஸ்வெட்டரும் கிடைக்க வேண்டும். மழைக் குளிருக்கும் அது வேண்டும் என்பதை மேலே சொல்லியிருக்கிறோம். பிள்ளைகளின் அளவை முந்தைய மார்ச்சிலேயே எடுத்தால் இது முடியாத காரியமில்லை. அங்கன்வாடிக்கும் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளுக்கும் வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஸ்வெட்டர், காதை மூடும் குல்லா, இரண்டு ஜோடிக் காலுறை கிடைப்பதை உறுதி செய்ய வேண்டும். ஒரு ஜோடி பள்ளியிலேயே இருக்கட்டும். தோட்டத்து லைன் வீடுகளிலிருந்து பனி படர்ந்த புல்லில் நடந்து வரும் பிள்ளைக்கு வந்ததும் காலைத் துடைத்து, காய்ந்த காலுறையை மாட்டிவிட வேண்டும். அதற்கு ஒரு கொடியும் ஒரு துண்டும் போதும். சீருடைக்கு மேல் வீட்டு ஸ்வெட்டரோ மப்ளரோ போட்டு வரும் பிள்ளையை, நிறம் பொருந்தவில்லை என்று கழற்றச் சொல்லக் கூடாது என்றும் எழுத்தில் அறிவுறுத்த வேண்டுகிறோம்.

ஜன்னலைத் திறந்து வைப்பதிலும் ஒரு முறை உண்டு. ஜெர்மனியில் கொரோனாக் காலக் குளிரில், பாட வேளையில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை எல்லா ஜன்னல்களையும் 3 முதல் 5 நிமிடம் அகலத் திறந்துவிட்டு மூடும்படி அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைப்பு பள்ளிகளுக்குச் சொன்னது. காற்று மாறிவிடும், சுவரில் உள்ள சூடு மாறாது. அங்கே அறைகளில் வெப்பமூட்டி இருக்கிறது, எங்களிடம் இல்லை. ஆகவே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. எங்கள் இடத்துக்கு ஏற்றது இதுதான்: கூரையை ஒட்டிய வெண்டிலேட்டர்கள் நாள் முழுவதும் திறந்திருக்கட்டும். காற்று நேராக அடிக்கும் பக்கத்தில், பிள்ளையின் தலை மட்டத்தில் உள்ள கீழ்க் கதவுகளை மட்டும் பாட வேளையில் சாத்தலாம். இடைவேளையில் பிள்ளைகள் வெளியே போனதும் எல்லாவற்றையும் அகலத் திறக்கலாம். உடைந்த கண்ணாடிகளும் கொக்கி போன ஜன்னல்களும் சரிசெய்யப்படாமல் இந்த ஏற்பாடு நடக்காது. திறக்கவும் மூடவும் முடிந்தால்தான் அது ஜன்னல். எங்கள் பள்ளிகள் சிலவற்றில் அவை சுவரில் உள்ள ஓட்டைகளாகவே இருக்கின்றன. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை பள்ளிக்கு எல்லாக் காலநிலைக்கும் ஏற்ற கட்டடம் வேண்டும் என்கிறது. மழை ஒழுகாமல் இருந்தால் போதும் என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது.

வெயிலையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். பனிக்காலத்தில் காலை 9 மணிக்கு மேல் வெளியே நல்ல வெயில் அடிக்கும்போது, கல் கட்டடத்துக்குள் இரவின் குளிர் அப்படியே இருக்கும். முதல் பாட வேளையைக் காற்று மறைந்த வெயில் முற்றத்தில் நடத்தத் தலைமையாசிரியர்களுக்கு வெளிப்படையான அனுமதி வேண்டும். டிசம்பர், ஜனவரியில் மட்டும் பள்ளி தொடங்கும் நேரத்தை அரை மணி தள்ளிவைப்பதையும் பரிசீலிக்கலாம். ஆனால் காலை உணவு நேரத்துக்கும் தோட்டத்து வேலை நேரத்துக்கும் இடையூறு இல்லாமல், பள்ளி மேலாண்மைக் குழுவைக் கேட்டுச் செய்யுங்கள்.

காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு அது உணவு மட்டுமல்ல, உள்ளிருந்து எரியும் விறகு. சூடான பொங்கலும் கிச்சடியும் திறந்த தாழ்வாரத்தில் உட்கார்ந்து உண்பதற்குள் ஆறிவிடுகின்றன. உள்ளே உட்கார வைத்துப் பரிமாற இடம் ஒதுக்க வேண்டும். குடிக்கவும், கை கழுவவும், கழிப்பறை போய் வந்த பிள்ளையைச் சுத்தம் செய்யவும் வெதுவெதுப்பான தண்ணீர் வேண்டும். அந்தக் காலைக் குளிரில் குழாய்த் தண்ணீரைத் தொடப் பயந்து, கழிப்பறைக்கே போகாமல் அடக்கிக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இதை எழுத வருத்தமாக இருக்கிறது.

ஹீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. ஜன்னல் திறந்த அறையில் காற்றைச் சூடாக்கும் ஹீட்டரால் பயன் குறைவு. சூடான காற்று மேலே எழும்பி வெளியே போய்விடும். வெயிலைப் போல எதிரில் இருப்பவரை நேராகச் சூடாக்கும் இன்ஃப்ராரெட் ஹீட்டர்களைப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் சுவரில் பொருத்தலாம். பழைய வயரிங் தாங்குமா என்று மின் வாரியத்தினர் பார்த்த பிறகுதான் அதைச் செய்ய வேண்டும். கரிக் கணப்பு மட்டும் எந்த வகுப்பறைக்குள்ளும், எந்த அங்கன்வாடிக்குள்ளும் வரக் கூடாது. மூடிய அறையில் கரி எரித்துத் தூங்கி உயிரிழந்தவர்களின் செய்தியை நம் மாவட்டத்திலேயே படித்திருக்கிறோம். குளிர் தாங்காமல் நல்லெண்ணத்தில் யாராவது அதைச் செய்துவிடும் முன், தடை உத்தரவு பள்ளிகளுக்குப் போய்ச் சேர வேண்டும்.

இவை புதுமையான யோசனைகள் அல்ல. 1908-இல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில், காசநோய் அண்டிய வீடுகளின் பிள்ளைகளுக்காக ஜன்னல்களை அகலத் திறந்த வகுப்பறை ஒன்றைத் தொடங்கினார்கள். கடும் பனியிலும் ஜன்னலை மூடவில்லை. பிள்ளைகளைக் கம்பளிப் பைக்குள் உட்கார வைத்து, காலடியில் சூடாக்கிய கல்லை வைத்துப் பாடம் நடத்தினார்கள்.

எங்கள் தோட்டங்களில் பனி விழப்போகிறது என்று தெரிந்தால் மாலையிலேயே தாகைச் செடிகளை வெட்டி வந்து இளம் தேயிலைச் செடிகளை மூடிவிடுவோம். அந்த வேலையைச் செய்யும் கைகள்தான் இந்த மனுவில் ஒப்பமிட்டிருக்கின்றன. செடிக்குச் செய்வதைப் பிள்ளைக்கும் செய்ய எங்களிடம் மனமிருக்கிறது, உடலுழைப்பும் தரத் தயாராக இருக்கிறோம். பலகைத் தளம் போடவும் ஜன்னல் செப்பனிடவும் பொருள் தந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்களே வந்து செய்து தருகிறோம்.

ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் ஒரு சுவர் வெப்பமானி தரும்படியும் வேண்டுகிறோம். காலை 9 மணிக்கும் 11 மணிக்கும் அதைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். இன்று வரை எங்கள் வகுப்பறைகளின் வெப்பம் எவ்வளவு என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

உறைபனி விழும் ஒரு காலையில் தாங்களும், தொடக்கக் கல்வி அலுவலரும், குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரும் எங்கள் ஊர் அங்கன்வாடி ஒன்றுக்கு வர வேண்டும் என்று அழைக்கிறோம். 9 மணிக்கு வந்து பிள்ளைகளோடு அதே தரையில் சிறிது நேரம் உட்கார்ந்திருங்கள். நாளைத் தாங்கள் குறித்துச் சொன்னால், அன்று எங்களில் சிலர் வேலைக்குப் போகாமல் அங்கே காத்திருப்போம்.

இப்படிக்கு,
சங்க உறுப்பினர்கள் சார்பில்,
தலைவர், செயலாளர், பொருளாளர்.

நகல்:
முதன்மைக் கல்வி அலுவலர், நீலகிரி மாவட்டம்.
மாவட்டக் கல்வி அலுவலர், தொடக்கக் கல்வி.
மாவட்டத் திட்ட அலுவலர், ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள்.