உள்ளங்கையில் ஒரு கண்ணி



ஜெபக் குறிப்புச் சீட்டுகளில் "ஒரு மறைவான காரியத்திற்காக" என்று மட்டும் எழுதி, பெயர் போடாமல் பெட்டியில் இடுகிறவர்கள் நம் சபைகளில் உண்டு. அந்த மறைவான காரியங்களில் ஒன்றைக் குறித்து இந்த மாதம் வெளிப்படையாக எழுதத் துணிகிறேன். செல்போனில் ஆபாசக் காட்சிகளைப் பார்ப்பதும், விட்டுவிட வேண்டும் என்று மனதார விரும்பியும் விடமுடியாமல் தவிப்பதுமே அது. குடும்பமாய் உட்கார்ந்து சத்தமாய் வாசிக்கக் கூச்சமாயிருந்தால் தனியே வாசியுங்கள். ஆனால் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடாதீர்கள். உங்கள் வீட்டிலேயே இன்னொருவருக்கு அது தேவைப்படலாம்.

நம் பிள்ளைகள் திருநெல்வேலியிலிருந்தும் கன்னியாகுமரியிலிருந்தும் மும்பைக்கும் பெங்களூருக்கும் டெல்லிக்கும் வேலை தேடி வருகிறார்கள். பாஷை புரியாத ஊர், நாலு பேர் படுக்கும் அறை, இரவு ஷிப்ட், பேச ஆளில்லாத விடுமுறை நாள். முன்பெல்லாம் இப்படிப்பட்ட படத்தைப் பார்க்க ஒருவன் வீடியோ கடைக்கோ பிரவுசிங் சென்டருக்கோ போகவேண்டியிருந்தது. தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயமே பலரைக் காத்தது. 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கி, டேட்டாவின் விலை சரிந்தபின் அந்த வேலியும் விழுந்துபோயிற்று. அரசாங்கமும் தடைசெய்து பார்த்தது. 2015-இல் 857 இணையதளங்களை முடக்க உத்தரவிட்டு, எதிர்ப்பு எழுந்ததால் சில நாட்களிலேயே அதைத் தளர்த்தியது. 2018-இல் உத்தராகண்ட் உயர்நீதிமன்றத்தின் ஆணைக்குப்பின் 827 தளங்களை முடக்கச் சொன்னது. ஒரு வாசலை அடைத்தால் வேறு வாசல் திறக்கிறது. ஆகையால் வெளியே இருக்கும் வாசலைவிட உள்ளே நடப்பதையே நாம் கவனிக்கவேண்டும்.

உள்ளே என்னதான் நடக்கிறது? இச்சை ஒன்றே காரணம் என்று நாம் எண்ணுகிறோம். மனநல ஆலோசகர்களோ, "எதைப் பார்த்தாய்?" என்பதைவிட "அதற்கு முந்தின ஒரு மணி நேரம் எப்படியிருந்தது?" என்பதையே அதிகமாய் ஆராய்கிறார்கள். மேலதிகாரி எல்லார் முன்பாகவும் திட்டியிருக்கலாம். தங்கையின் கலியாணக் கடனுக்குப் பணம் கேட்டு ஊரிலிருந்து போன் வந்திருக்கலாம். வேலை முடிந்து வந்தும் தூக்கம் வராதிருக்கலாம். அந்த நேரத்தில் திரை சிறிது ஆறுதல் தருகிறது. இந்தப் பாரத்திற்கு இதுவே மருந்து என்று மூளை கற்றுக்கொள்ளுகிறது. சற்று நேரத்தில் வெட்கம் வந்து நெஞ்சை அடைக்கிறது. வெட்கமும் ஒரு பாரமல்லவா? அதை இறக்கிவைக்கவும் அவன் அதே திரையைத் தேடிப் போகிறான். ஞாயிறு ஆராதனையில் கண்ணீரோடு பொருத்தனை, செவ்வாய் இரவில் வீழ்ச்சி, புதன்கிழமை உபவாசம், அடுத்த வாரம் இன்னும் பெரிய பொருத்தனை. இந்தச் சக்கரத்தில் பல வருஷங்களைக் கழித்தவர்கள் உண்டு. அவர்கள் சோம்பேறிகளுமல்ல, தேவபயம் இல்லாதவர்களுமல்ல.

1987-இல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க மனோதத்துவ அறிஞர் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டார். வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்கக்கூடாது என்று சிலரிடம் சொல்லி உட்காரவைத்தார். அவர்கள் மனதில் கரடி திரும்பத் திரும்ப வந்தது. "அந்தப் படம் நினைவுக்கு வரவே கூடாது" என்று ஒரு மணி நேரம் முழங்காலில் போராடும் வாலிபனுக்கும் இதுவே நேரிடுகிறது. ஜெபிக்கவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. படத்தை விட்டுவிட்டு, அன்று அவனைச் சுட்ட அவமானத்தையும் தனிமையையும் கர்த்தரிடத்தில் சொல்லட்டும் என்கிறேன்.

இது வியாதியா, பாவமா என்று கேட்பீர்கள். உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் 11-ஆம் பதிப்பில் கட்டாயப் பாலியல் நடத்தைக் கோளாறு என்ற ஒன்றைச் சேர்த்தது. 2019 மே மாதத்தில் ஏற்கப்பட்ட அந்தப் பதிப்பு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆறு மாதமோ அதற்கு மேலோ ஒருவர் தம் உந்துதலை அடக்கமுடியாமல் தோற்று, உடல்நலத்தையும் வேலையையும் குடும்பத்தையும் கவனிக்காமல் விட்டு, அதில் இன்பம் குறைந்தபின்னும் நிறுத்தமுடியாமலிருந்தால், மருத்துவர் இந்தக் கோளாறா என்று பரிசோதிப்பார். குடிப்பழக்கத்தைப்போல இதையும் அடிமைத்தனம் என்று அழைக்கலாமா என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. அந்தப் பட்டியல் இதை உந்துதலைக் கட்டுப்படுத்த இயலாத கோளாறுகளோடு வைத்திருக்கிறது.

அதே பட்டியலில் நம் போதகர்கள் அவசியம் அறியவேண்டிய குறிப்பு ஒன்று உண்டு. இது தவறு என்ற மனச்சாட்சியின் குத்துதலால் மட்டும் வரும் வேதனையை வைத்து, ஒருவருக்கு இந்தக் கோளாறு இருப்பதாக முடிவுசெய்யக்கூடாது. பக்தியுள்ளவர்கள் கொஞ்சமே பார்த்திருந்தாலும் தங்களை அடிமைகள் என்று எண்ணிக்கொள்ளும் சாத்தியம் அதிகம் என்பதை ஜோஷுவா கிரப்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளரின் ஆய்வுகளும் காட்டுகின்றன. இரண்டு மாதத்தில் இரண்டு முறை பார்த்துவிட்டு, "நான் சாத்தானுக்கு விற்கப்பட்டவன்" என்று புலம்பும் பையனுக்கு வேண்டியது மனந்திரும்புதலும் ஒரு மூத்த சகோதரனின் தோளுமே. இரவில் நாலு மணி நேரம் பார்த்து, தூங்காமல் வேலைக்குப் போய், எச்சரிக்கைக் கடிதம் வாங்கி, மனைவியை விட்டு விலகிப்போன மனுஷனுக்கு இவற்றோடு மருத்துவரும் வேண்டும். நாமோ இருவரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, தலையில் கைவைத்து ஆவியைத் துரத்துகிறோம். இதை நான் ஒப்புக்கொள்ளுகிறதில்லை. மறுபடி விழுகிற அன்று, போன ஆவி ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது என்று அவன் நம்புவான். அதன்பின் யாரிடமும் வாய்திறக்கமாட்டான். நாத்தான் தாவீதிடம் போய்ப் பேசினார். ராஜ்யமெங்கும் அறிவித்துவிட்டுப் போகவில்லை.

யாரிடம் சொல்வது? முதலில் ஒரே ஒருவரிடம். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். ஆம், பெண்களுக்கும் இந்தப் போராட்டம் உண்டு. அவர்களுக்கு வெட்கம் இரட்டிப்பாயிருப்பதால் நம் காதுக்கு எட்டுகிறதில்லை. இரகசியத்தைக் காக்கிறவராக, பிறர் குற்றத்தைச் சாட்சியில் சொல்லிக் கைதட்டு வாங்காதவராகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அவரிடம் வாரம் ஒருமுறை உண்மையைச் சொல்லுங்கள். படுக்கும் இடத்தில் போனை வைக்காதீர்கள். அலாரத்திற்குப் போன் வேண்டும் என்று சாக்குச் சொன்னால், ஒரு அலாரக் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். உந்துதல் அலைபோல எழும்பும். அதோடு மல்லுக்கட்டாமல் அறையைவிட்டு எழுந்து நடந்தால் தானாகத் தணியும். ஒருநாள் விழுந்தால் முந்தின முப்பது நாட்களும் வீணாய்ப் போயிற்று என்று கணக்கை அழிக்காதீர்கள். அந்த முப்பது நாளும் நடந்ததுதான்.

இவற்றால் அடங்காவிட்டால் மனநல மருத்துவரிடம் போங்கள். அடியில் மனச்சோர்வோ பதற்றமோ இருக்கிறதா என்று அவர் பார்ப்பார். தேவையானால் மருந்தும் தருவார். உந்துதலைத் தூண்டும் நேரங்களையும் எண்ணங்களையும் கண்டறிந்து மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை உண்டு. எண்ணத்தோடு போரிடாமல், அது வந்துபோக இடங்கொடுத்து, தான் மதிக்கும் காரியத்தைச் செய்யப் பழக்கும் சிகிச்சையும் உண்டு. அமெரிக்காவில் இந்தப் பிரச்சினைக்கே அதைக் கொடுத்துப் பரிசோதித்து, 2016-இல் வெளியிட்ட ஆய்வில் பார்க்கும் நேரம் வெகுவாய்க் குறைந்தது. பெங்களூர் நிம்ஹான்ஸில் செல்போன், இணையப் பழக்கங்களால் அவதிப்படுகிறவர்களுக்கென்று 2014-இல் ஒரு கிளினிக் தொடங்கப்பட்டது. மற்ற நகரங்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். நரம்புத் தளர்ச்சி, வாலிப வயதுத் தவறு என்று சுவரில் விளம்பரம் ஒட்டி, லாட்ஜில் அறையெடுத்து லேகியம் விற்கிறவர்களிடம் மட்டும் போகாதீர்கள். அவர்கள் உங்கள் பயத்தையே விலைக்கு விற்கிறார்கள்.

சபைக்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சம் வேண்டாம். 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் விவரங்களை இரகசியமாய்க் காக்கும்படி மருத்துவரைக் கட்டாயப்படுத்துகிறது. சட்டம் சொல்லும் சில விலக்குகள் மட்டுமே உண்டு. ஆனால் ஒன்றைத் தெளிவாய்ச் சொல்லவேண்டும். சிறுபிள்ளைகளைக் காட்டும் ஆபாசக் காட்சிகளைப் பார்ப்பதும் வைத்திருப்பதும் குற்றம் என்று 2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. மனம் அந்தப் பக்கம் இழுக்கப்படுகிறவர் ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவ உதவியை நாடவேண்டும். வீடியோ அழைப்பில் மயக்கிப் பதிவுசெய்து, பணம் கேட்டு மிரட்டுகிறவர்களிடம் சிக்கினால் பணம் கொடுக்காமல் 1930 என்ற சைபர் குற்ற எண்ணை அழையுங்கள். மிரட்டலுக்கு அஞ்சி உயிரை மாய்த்துக்கொள்ளும் அளவுக்கு இதில் ஒன்றுமில்லை.

மனைவிமாருக்கும் ஒரு வார்த்தை. உன் அழகு குறைந்ததாலோ, நீ கவனிக்காததாலோ இது நேரிட்டது என்று மாமியாரோ சபையாரோ சொன்னால் நம்பவேண்டாம், மகளே. இந்தப் பழக்கம் அநேகரிடம் கலியாணத்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. உன் கோபம் நியாயமானது. அதை விழுங்கிக்கொண்டு சிரிக்கத் தேவையில்லை. ஆனால் இரவெல்லாம் அவர் போனைத் துழாவும் காவல்காரியாகிவிட்டால் உன் தூக்கமும் போய்விடும். பிள்ளைகள் முன்பாகவோ ஊருக்குப் போன் போட்டோ இதைப் பேசாமல், உனக்கென்று தனியாக ஒரு ஆலோசகரைப் பார்.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள், மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ அழைக்கலாம். கட்டணமில்லை, இரவும் பகலும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். என்ன சொல்லுவது என்று நாவு குழறினால் இதை மட்டும் சொல்லுங்கள்: "செல்போனில் ஆபாசப் படம் பார்ப்பதை என்னால் நிறுத்தமுடியவில்லை. எனக்கு உதவி வேண்டும்." மீதியை அவர்களே கேட்டுக்கொள்ளுவார்கள்.